தாண்டிக்குடியில் ஒத்து ஊதிய நான்கு நாட்கள்

நவம்பர் 14, வெள்ளி

என் மகள் பாட்டு வகுப்பில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் ராத்திரி சாப்பிடும்போது, "அப்பா, உனக்குப் பிடிச்ச ராகம் எது?" என்று கேட்டாள். கல்யாணி என்றேன். எனக்குப் பெயர் தெரிந்த ராகம் அது ஒன்றுதான். "ஏன் பிடிக்கும்?" என்று அடுத்த கேள்வி வந்தது, ரசம் ஊற்றச் சொல்லித் தப்பித்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவை அவளோடு மதுரையில் ஒரு கச்சேரிக்குப் போய், ஆலாபனைக்கு நடுவில் பாடகர் தண்ணீர் குடிக்க நிறுத்தியதைப் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துத் தனியாகக் கை தட்டியவன் நான். முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பிள்ளை அன்றைக்கு வீடு வரும்வரை பேசவே இல்லை.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். போனில் 38 கச்சேரிகளை இறக்கிக்கொண்டேன், ராகத்தின் பெயரையும் மேளகர்த்தா எண்ணையும் (தாய் ராகங்களின் வரிசை எண்) சொல்லும் ஒரு ஆப் போட்டுக்கொண்டேன், நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கொடைக்கானல் மலைப் பக்கம் தாண்டிக்குடியில் அத்தை வீட்டுக்குக் கிளம்பினேன். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகியும் நான் எட்டிப் பார்க்கவில்லை என்று அப்பாவின் புலம்பல் வேறு. ஒரே பஸ் டிக்கெட்டில் இரண்டு வேலையும் முடியும்.

வத்தலக்குண்டில் இறங்கி நாலு இட்லி, ஒரு வடை, காபி, எழுபத்தைந்து ரூபாய். சாம்பார் நன்றாக இருந்தது, இரண்டு தடவை வாங்கினேன். பட்டிவீரன்பட்டி தாண்டிக் கச்சேரி கேட்கலாம் என்று பைக்குள் கையை விட்டால் இயர்போன் இல்லை. இட்லித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பஸ்ஸில் போனைச் சத்தமாக வைத்துக் கேட்கும் ஆள் நான் இல்லை. அப்படிப்பட்ட ஆள் எனக்குப் பின்சீட்டில் இருந்தார், மலை ஏறி முடியும்வரை அவர் போனில் யார் யாரோ சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

தடியன்குடிசைக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. கண்டக்டர் பத்து நிமிஷம் என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. என்ன கோளாறு என்று டிரைவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, எல்லாரும் இறங்கி வரிசையாக மலையைப் பார்த்து நின்றோம். மூட்டையோடு வந்த ஒரு அக்கா சாக்கை அவிழ்த்து ஆளுக்கு இரண்டு மலைவாழைப்பழம் கொடுத்தார். "சும்மா நிக்கிறதுக்குத் தின்னுட்டு நில்லுங்க." பழனிப் பஞ்சாமிர்தத்தில் போடுகிற பழம் இதுதான், குட்டையாகக் கொஞ்சம் வளைந்து, தோல் தடித்து, உள்ளே இறுக்கமாக லேசான புளிப்போடு இருக்கும். காசு நீட்டினேன், முறைத்தார். பஸ் கிளம்பும்போது மூட்டையை என் தலையில் ஏற்றிவிட்டார், சரி, கணக்கு நேர்.

அத்தை வாசலில் நின்றுகொண்டே "ஏன்டா இப்படி இளைச்சுட்ட" என்றார். என் எடை 84 கிலோ. நாலு மணிக்கே பனி இறங்கி, எதிர்வீட்டு ஓடு தெரியவில்லை. வீட்டு மரத்துக் கொட்டையை அவரே வறுத்து அரைத்த காபி, கருப்பட்டி போட்டது. குடித்துக்கொண்டே திட்டத்தைச் சொன்னேன். அத்தை பாட்டு கற்றவர் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் கோயில் நாகஸ்வரமும் ரேடியோவும் கேட்டுக் கேட்டு ஊறிய காது.

"முப்பத்தெட்டா? கல்யாண வீட்டுல முப்பத்தெட்டுப் பேருக்குக் கும்பிடு போட்டா ஒரு முகமாவது ஞாபகம் இருக்குமாடா?"

ராத்திரி பழைய டேப் ரிக்கார்டரில் ஒரு கேசட் போட்டார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். எட்டாவது மேளம் என்று நான் சொன்னேன். "நம்பர் போட்டுக் கூப்பிட அது என்ன ஜெயிலா?" என்றார். ஆறேழு நிமிடம் கேட்டிருப்பேன். விழித்தபோது மேலே கம்பளி இருந்தது, மணி ஐந்தரை.

நவம்பர் 15, சனி

விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் இல்லை. போனில் 22 சதவீதம். தூங்கிப் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். "தூக்கம் வந்தா நல்லதுதான், காது ஒத்துக்கிட்டதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கிற, பேட்டரியில் ஓடும் சின்னச் சுருதிப்பெட்டி ஒன்றை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். ஸ, ப, மேல் ஸ. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒரு முறம் பட்டர் பீன்ஸ்.

"உரி. இதைக் கேட்டுக்கிட்டே உரி. வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்போதுதான் ஒத்துக்காரர் கதையைச் சொன்னார். அத்தை பிறந்து வளர்ந்தது பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. பங்குனி உத்திரத்துக்குத் தாத்தா கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். ராத்திரி சாமி புறப்பாட்டில் நாகஸ்வரக்காரர் நின்று நின்று வாசிப்பார், கூட்டம் அவர் முகத்தைப் பார்க்கும், தவிலுக்குத் தலையாட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு உயரம் பத்தாமல் ஓரமாக நின்ற ஒத்துக்காரர் மட்டும்தான் தெரிவாராம். ஒத்து என்பது நாகஸ்வரம் மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கிற வேலை இல்லை, ஒரே சுரத்தை விடாமல் ஊதவேண்டும். கன்னத்தில் காற்றை அடக்கி வைத்து, மூக்கால் மூச்சு இழுத்து, சத்தம் அறாமல் மணிக்கணக்கில். அவரை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். நாமும் ஊரில் "அவனுக்கு இவன் ஒத்து ஊதுறான்" என்று வசவுக்குத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். அத்தைக்கு அந்த மனிதரைப் பார்த்தால் பாவமாக இருக்குமாம், யாரும் கேட்காத அவர் சத்தத்தை நாமாவது கேட்போம் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்படி நின்றதில் ஒரு நாள், பெரிய நாகஸ்வரம் அந்தச் சத்தத்தை விட்டு எங்கே போகிறது, எப்போது திரும்பி வந்து அதோடு ஒட்டுகிறது என்பது தானாகக் காதில் விழ ஆரம்பித்துவிட்டதாம். "எனக்கு யாரும் சொல்லித்தரலை. பாவம் பார்த்தேன், பாட்டு வந்துச்சு." இப்போது ஒத்துக்காரரைப் பார்ப்பது அரிது, அந்த வேலையைச் சுருதிப்பெட்டி வாங்கிக்கொண்டுவிட்டது.

நான் உரித்தேன். முதல் கால் மணி நேரம் அது ஃபேன் சத்தம் மாதிரிதான் இருந்தது. அப்புறம் மழைச் சத்தத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. அப்புறம் வாய் தானாக முணுமுணுத்தது, சேரவில்லை, கொஞ்சம் மேலே தள்ளினேன், ஒரு இடத்தில் என் குரல் எனக்கே கேட்காமல் போனது. பெட்டிக்குள் போய்விட்ட மாதிரி. பயந்து நிறுத்திவிட்டேன். அத்தை பீன்ஸைப் பார்த்தபடியே "ம், அதான்" என்றார்.

பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. மறுபடியும் அதே தோடி. இந்தத் தடவை ராகம், மேளம் என்று எதுவும் யோசிக்காமல் ஒத்துச் சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டேன். காந்தாரம் என்று மகள் நோட்டில் எழுதியிருப்பாளே, அந்த சுரம் தோடியில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, இரு பக்கத்துச் சுரங்களான ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கிறது. நேற்று அழுகிற மாதிரி தோன்றியது இதனால்தான் போலிருக்கிறது. அத்தைக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது, "தொட்டில் ஆடுது பாரு" என்பார் அந்த இடம் வரும்போதெல்லாம். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு ஸ என்கிற ஸட்ஜத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் போய், இப்போது வரும் இப்போது வரும் என்று நான் உட்கார்ந்திருக்க, மேல் ஸட்ஜத்தில் போய் நின்றபோது என் தோள்பட்டை இறங்கியதை நானே கவனித்தேன். அவ்வளவு நேரமும் தோளைத் தூக்கி வைத்திருந்திருக்கிறேன். ராஜரத்தினம் பிள்ளை இறந்தது 1956இல், அத்தைக்கு அப்போது இரண்டு வயது. தாத்தா நேரில் கேட்டவராம், அந்தப் பெருமையிலேயே இரண்டு வருடம் திரிந்ததாக வீட்டில் கதை.

மதியம் பட்டர் பீன்ஸ் குழம்பு, மலைப்பூண்டு ரசம். பூண்டு சின்னது, காரம் மூக்கில் ஏறுகிறது. சாப்பிட்டுவிட்டுத் தாளம் என்றார். அருணகிரிநாதர் பழனிக்குப் பாடிய திருப்புகழ் ஒன்றின் சந்தத்தை மட்டும் சொல்லச் சொன்னார், வார்த்தை வேண்டாமாம். தான தந்தன தானா தனாதன. கணக்கு டீச்சர் ஆயிற்றே, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்று வந்து முட்டினாலும் இரண்டு என்று போட வைத்தார். மூன்று, நாலு, நாலு, ஐந்து. மொத்தம் பதினாறு. ஆதி தாளத்துக்கு எட்டு அடி, அடிக்கு இரண்டு வைத்தால் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, கச்சிதமாக முடிகிறது. ஆனால் உள்ளே மூன்றும் நாலும் ஐந்துமாக நொண்டிக்கொண்டு போவதால் கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் இழுக்கிறது. தட்டி, மூன்று விரல் எண்ணி, தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி. இருபது தடவை போட்டதில் இரண்டு தடவை சேர்ந்து வந்தது. மெனக்கெட்ட வேலைதான், ஆனால் விடவும் மனசு வரவில்லை.

சாயங்காலம் மழை விட்டதும் தோட்டத்துக்குள் போய் வந்ததில் கணுக்காலில் இரண்டு அட்டை. உப்பு போட்டதும் விழுந்தன, ரத்தம் அரை மணி நேரம் நிற்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குக் கீழ்த்தோட்டத்தில் வெடிச் சத்தம், தகர டப்பா அடி, கூச்சல். யானை வந்திருக்கிறதாம். அகநானூற்றில் இதே மாதிரி ஒரு மலைதான், தினையைத் தின்ன வந்த யானை, ஒரு பெண் பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டுத் தின்னாமலும் போகாமலும் அங்கேயே தூங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கட்டுக்கதை என்று நினைத்தேன். நேற்று ராத்திரி எனக்கு ஆனதைப் பார்த்தால் நடந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

பாலமுருகன் கோயிலில் அத்தைக்குத் தெரிந்த வீட்டில் பிள்ளைக்குக் காதுகுத்து. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்பார்கள். அத்தை ஒரு கையில் கம்பும் மறுகையில் என் தோளுமாகப் படியேறினார். ஏழரை மணி, பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது.

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நாகஸ்வரம், ஒரு தவில். வண்டி வாடகையோடு ஏழாயிரம் பேசியதாக அந்த வீட்டுக்காரர் நாங்கள் கேட்காமலே சொன்னார். நாகஸ்வரக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், ஸ்வெட்டருக்கு மேலே துண்டு. வாசிக்க ஆரம்பித்ததும் எனக்கு ஏதோ உறுத்தியது. சுருதிப்பெட்டியும் குழலும் ஒட்டவில்லை, பக்கத்துப் பக்கத்தில் நடந்தும் கைகோக்காத புருஷன் பொண்டாட்டி மாதிரி. இரண்டு நாளைக்கு முன்னால் எனக்கு இது தெரிந்திருக்காது. அத்தையைப் பார்த்தேன், அவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுளிப்பைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பரீட்சையில் விடை சரியாக வந்த சந்தோஷம்.

அவருக்கும் தெரியும். நிறுத்திவிட்டு, குழலுக்குள் வாசிக்காமல் வெறும் மூச்சை நீளமாக நாலைந்து தடவை ஊதினார், துண்டுக்குள் பொதிந்து கக்கத்தில் வைத்துக்கொண்டார். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றி நாக்கில் நனைத்து, நூலில் தொங்கிய இன்னொன்றை மாட்டிப் பார்த்தார். "குளிருக்குக் குழல் இறங்கிப் போகுதுங்க. கீழே இரண்டரைக் கட்டைச் சுருதிக்கு நிக்கிறது இங்க நிக்காது." காற்று குளிர்ந்தால் ஊதுகுழலின் சுருதி இறங்கும், எலக்ட்ரானிக் பெட்டிக்குக் குளிர் தெரியாது, கடைசியில் பெட்டியைத்தான் ஒரு பொட்டு கீழே இறக்கினார். தவில்காரர் அதற்குள் மடப்பள்ளி அடுப்புப் பக்கம் தவிலைக் கொண்டுபோய்த் தோலுக்குச் சூடு காட்டினார், ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டதாம். வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளைக் கழற்றாமலே டீ டம்ளரைப் பிடித்துக் குடித்தது பார்க்க வேடிக்கையாக இருந்தது, டம்ளரில் டக் டக் என்று அவர் பாட்டுக்கு ஒரு நடை.

காது குத்தி, பிள்ளை அழுது, எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். மண்டபத்தில் நாங்கள் நாலு பேர். நாகஸ்வரக்காரர் என்னிடம், "என்ன சார், உத்து உத்துப் பார்க்கிறீங்க, என்ன வாசிக்கட்டும்?" என்றார். தெரிந்த ஒரே பெயரைச் சொன்னேன், இப்போது கல்யாணி இல்லை, தோடி. சிரித்தார். "காலையில பிலஹரி கேளுங்க, குளிருக்கும் சூடா இருக்கும்."

ஏறுகிற பிடி ஒன்று வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது தெரிந்த வழி. மகள் நாலு மாதமாக தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அடுத்த அறையில் ஒரு கீதம் பாடுகிறாள், மோகனம், ஐந்தே சுரம். நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை, குக்கர் விசிலோடும் டிவிச் செய்தியோடும் சுவர் வழியாக வந்ததுதான்.

"அத்தை, மோகனம்!"

"இறங்கட்டும், அப்புறம் சொல்லு."

இறங்கினார். ஏறும்போது இல்லாத இரண்டு படி இறங்கும்போது இருந்தது. மேலே ஸட்ஜத்திலிருந்து காலை வைத்ததும் ஒன்று, பாதி வழியில் இன்னொன்று. நிஷாதமும் மத்திமமும் என்று அவர் பிறகு சொன்னார், ஏறும்போது மோகனம், இறங்கும்போது சங்கராபரணம் மாதிரி. எனக்குக் கேட்டபோது பெயரெல்லாம் இல்லை, நம் வீடு என்று நினைத்துக் கதவைத் தள்ளி உள்ளே போனால் பின்கட்டில் இன்னும் இரண்டு அறை இருந்த மாதிரி. பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் வாசித்திருப்பார். கோபுரம் தெரியாத பனி. அவர் ஏறும்போதெல்லாம் நான் காத்திருந்தேன், இறங்கி அந்த இரண்டு படியில் கால் படும்போதெல்லாம் சிரிப்பு வந்தது, அவர் அதைக் கவனித்துவிட்டு வேண்டுமென்றே அங்கே வராமல் இழுத்தடித்தார். கடைசியில் வந்தார். அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது நான் கை தட்டவில்லை. முடிந்தபோதும் தட்டவில்லை, கை கட்டி நின்றுகொண்டிருந்தேன், அது மரியாதையா மறதியா என்று எனக்கே தெரியாது.

ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆயிரமாகக் கொடுத்திருக்கலாம் என்று படியிறங்கும்போது தோன்றியது, திரும்பிப் போனபோது பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பந்தியில் காய்கறிப் பிரியாணி, கேசரி. கேசரியில் சர்க்கரை தூக்கல்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. அத்தை ஒரு கிலோ காபித்தூள், அரைக் கிலோ மிளகு, மகளுக்கு என்று அந்தத் தோடிக் கேசட் எல்லாம் கட்டிக் கொடுத்தார். கேசட் போட என் வீட்டில் எதுவும் இல்லை என்றேன். "அதுக்கு நான் என்ன பண்றது" என்றார்.

வந்த வழியில் மரம் விழுந்திருப்பதாகச் சொன்னார்கள், அதனால் பண்ணைக்காடு சுற்றிக் கொடைக்கானல் சாலையில் சேர்ந்து இறங்கினேன். ஏறினது ஒரு வழி, இறங்கினது ஒரு வழி, எனக்குப் பிலஹரி விடவில்லை. பஸ்ஸில் அன்று காலைதான் மாலை போட்ட பையன்கள் ஏழெட்டுப் பேர், கறுப்பு வேட்டி இன்னும் கஞ்சி விறைப்போடு. சரணம் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆளுக்கொரு சுருதி. பின்சீட்டில் ஒரு பையன் மட்டும் மெலிதாக, மாறாமல், மற்றவர்கள் எங்கே போனாலும் அதே இடத்தில் நின்றான். எனக்கு வளைவில் குமட்டல் ஆரம்பித்திருந்தது, அவன் குரலைப் பிடித்துக்கொண்டு கீழே வரை வந்து சேர்ந்தேன். டம்டம் பாறையில் பஸ் நின்றபோது இஞ்சி டீ இருபது ரூபாய், இஞ்சி போட்ட அடையாளமே இல்லை.

வத்தலக்குண்டில் அந்த ஓட்டலுக்குப் போனேன். கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததுமே டிராயரைத் திறந்து, நியூஸ் பேப்பரில் பொட்டலமாக மடித்து வைத்திருந்த இயர்போனை எடுத்து நீட்டினார். மேலே பால்பாயிண்ட் பேனாவில் "வெள்ளி, 2 சாம்பார்" என்று எழுதியிருந்தது.

பஸ் நிலையத்தில் மகளுக்குப் போன் செய்தேன். பிடித்த ராகம் பிலஹரி என்றேன். சந்தேகத்தோடு, "எப்படி இருக்கும், பாடு" என்றாள். டீக்கடை ஓரமாக ஒதுங்கி, ஏறிப் பாடி, இறங்கும்போது அந்த இரண்டு படியையும் வைத்தேன். வைத்ததாக நினைக்கிறேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்பா, சுருதி சேரலை."

"குளிரும்மா, இறங்கிப் போச்சு" என்றேன். மணி ஒன்றரை, உச்சி வெயில், டீ மாஸ்டர் சட்டையைக் கழற்றிப் போட்டு ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.